மூடிக் கிடக்கும் கோயிலைத் திறந்துவிடக் கோரி நான்காவது மனு

பெறுநர்:
உயர்திரு மேயர் அவர்கள்,
மேயர் அலுவலகம்,
க்ரோஸ் மாவட்டம், பிரான்சு.

பொருள்: பங்குக் கோயில் கூரையைச் சீர்செய்து திறந்துவிடக் கோருதல் – தொடர்பாக.
பார்வை: எனது முந்தைய மூன்று மனுக்கள் (பதில் இல்லை).

மதிப்பிற்குரிய ஐயா,

வணக்கம். ஊரைப் பற்றி நான் சொல்லி நீங்கள் தெரிந்துகொள்ள வேண்டியதில்லை. உங்கள் அறை ஜன்னலைத் திறந்தாலே எதிரே மணிக்கூண்டுதான்.

1. கோயிலை மூடி மூன்று வருடமாகிறது. கதவில் ஒட்டிய தங்கள் உத்தரவு மழையில் கரைந்து, 'ஆபத்து' என்ற ஒரு சொல்தான் மிச்சம். போர் நினைவுச் சின்னத்தில் முஷ்டியை உயர்த்தி நிற்கும் சிறுவன் சிலையைப் பார்க்க ஜான்தியு ஊருக்குப் போகிறவர்கள் வழியில் இங்கே இறங்கி, பூட்டைப் படமெடுத்துக்கொண்டு போகிறார்கள்.

2. மணிக்கூண்டின் செஸ்நட் மரப்பலகைகள் பெயர்ந்து உள்ளே ஒழுகுகிறது. அரசையும் திருச்சபையையும் பிரித்த 1905 சட்டத்துக்கு முன் கட்டிய கோயில். அதனால் கட்டடம் கொம்யூனுக்கு, அதாவது நம் ஊராட்சிக்குச் சொந்தம். சாமியாரைக் கேட்டால் அவரும் உங்களைத்தான் கைகாட்டுகிறார்.

3. போன பிப்ரவரியில் என் வீட்டுக்காரர் தவறிவிட்டார். ஞானஸ்நானம், முதல் நன்மை, எங்கள் கல்யாணம் எல்லாம் அந்தக் கோயிலில்தான். அடக்கப் பூசை எங்கே நடந்தது தெரியுமா? விழா அரங்கத்தில். ஊர் விருந்துக்குப் போடும் மடக்கு மேசைகள் இரண்டைச் சேர்த்து அதன்மேல் பெட்டியை வைத்தார்கள். ஒரு மேசைக்கால் ஆடியது; என் மச்சினர் அட்டையை மடித்து அண்டைக் கொடுத்தார். பின்சுவரில் சீட்டாட்டப் போட்டி நோட்டீஸ், முதல் பரிசு பன்றித்தொடை. துக்க மணி அடிக்க வழியில்லாமல், என் மகன் செல்போனில் மணியோசை போட்டான். நடுவில் அவனுக்கு அழைப்பு வந்தது. நீங்களும்தான் மூன்றாவது வரிசையில் உட்கார்ந்திருந்தீர்கள் ஐயா, பார்த்தீர்கள்!

4. நிதி இல்லை என்பார்கள். சரி. பழைய துவைதுறைக்கு ஜெரேனியம் தொட்டி வாங்க மட்டும் எங்கிருந்து வந்தது? துவைக்கத்தான் யாரும் போவதில்லையே. 2018 முதல் பழைய கட்டடங்களைச் சீர்செய்யப் பணம் திரட்டவென்றே லாட்டரி நடக்கிறது, அதற்காவது விண்ணப்பித்தோமா? பாரிசைக் கட்டியவர்கள் க்ரோஸ் கொத்தனார்கள் என்று பள்ளியில் பிள்ளைகளுக்குச் சொல்லித் தருகிறோம். கொத்தனாராகப் போய் நாடாளுமன்ற உறுப்பினரான மார்த்தான் நதோ இந்த மாவட்டத்துக்காரர். நமக்கு ஒரு கூரை வேய ஆள் இல்லையாம்.

5. எனக்கு எழுபத்தெட்டு. அந்த மடக்கு மேசைமேல் நான் கிடக்க மாட்டேன்.

ஆகவே, அடுத்த மழைக்காலத்துக்கு முன் கூரையைச் சீர்செய்யுமாறு பணிவுடன் கேட்டுக்கொள்கிறேன். முழுக்கச் செய்ய முடியாவிட்டால் பீடப்பக்கம் மட்டுமாவது தார்ப்பாய் போட்டுத் திறந்துவிடுங்கள். தயவுசெய்து திறந்துவிடுங்கள் ஐயா.

இப்படிக்கு,
தங்கள் உண்மையுள்ள,
துவைதுறைத் தெருவாசி

குறிப்பு: உள்ளே ஒழுக்குக்கு வைத்த நான்கு வாளிகளும் என்னுடையவை. சாவியை வாரம் ஒருமுறை தந்தால் தண்ணீரை நானே கொட்டிவிட்டு வருவேன்.