சென்சஸ் படிவங்களை அழிச்சிடாதீங்க: ஒரு கொள்ளுப்பேத்தியோட திறந்த மடல்

இந்தியத் தலைமைப் பதிவாளர் மற்றும் மக்கள்தொகை கணக்கெடுப்பு ஆணையர் அவர்களுக்கு,

வணக்கம் ஐயா. நான் கள்ளக்குறிச்சி பக்கத்துல ஒரு கிராமத்துக்காரி. எங்க கொள்ளுத்தாத்தா கூடப் பிறந்தவங்க ரெண்டு பேர், ஒரு தம்பி ஒரு தங்கச்சி. தம்பி 1899ல வீட்ல சொல்லாம மெட்ராஸ் போய் கப்பலேறி தென்னாப்பிரிக்காவுல இருக்கிற நெட்டால் கரும்புத் தோட்டத்துக்குப் போயிட்டார். தங்கச்சிய அதுக்கு முன்னாடியே, சின்னப் பிள்ளையா இருக்கும்போதே கட்டிக் குடுத்துட்டாங்க. எந்த ஊருன்னா, பெண்ணாடம் பக்கம்னு ஒரு பெரியப்பா சொல்வார், இல்ல வேப்பூர் பக்கம்னு எங்க அத்தை சொல்வாங்க. எப்படிப் பாத்தாலும் நாப்பது அம்பது கிலோமீட்டருக்குள்ளதான்.

இதுல கடல் தாண்டிப் போனவர் கிடைச்சிட்டார். பக்கத்து ஊருக்கு வாக்கப்பட்டுப் போனவங்க இன்னும் கிடைக்கல. அதனாலதான் இந்த மடல்: சென்சஸ் எடுத்த வீட்டுப் படிவங்கள அழிக்காம, நூறு வருஷம் பூட்டி வெச்சிட்டு அப்புறம் தொறந்து விடுங்கன்னு கேக்க.

அவர் எப்படிக் கிடைச்சார்னா, 1860ல முதல் கப்பல் 'ட்ரூரோ' மெட்ராஸ்ல இருந்து டர்பன் போனதுலேர்ந்து 1911ல ஆள் அனுப்புறத நிறுத்துற வரைக்கும் ஒரு லட்சத்து அம்பதாயிரம் பேருக்கு மேல நெட்டாலுக்குப் போனாங்க, ஒவ்வொருத்தருக்கும் ஒரு நம்பர் போட்டு, பேரு, அப்பா பேரு, வயசு, ஜாதி, ஜில்லா, தாலுகா, கிராமம், உயரம், உடம்புல என்ன தழும்புன்னு வரைக்கும் எழுதி வெச்சிருக்காங்க. பாசத்துல எழுதல, ஓடிப் போனா பிடிக்கணுமேன்னு எழுதினது. ஆனா அந்தக் காகிதம் இருக்கு. டர்பன்ல இருக்கிற அவரோட வாரிசு ஒரு அக்கா (எனக்கு பங்காளி முறை) நாலஞ்சு வருஷம் தேடினாங்க. முனுசாமி மூன்சாமி ஆயிடுது, முதலி மூட்லி ஆயிடுது, கவுண்டர் கோவெண்டர் ஆயிடுது, பேர வெச்சித் தேடினா நூறு பேர் வர்றாங்க. கடைசியில அப்பா பேரையும் ஊர் பேரையும் சேத்துத் தேடி ஒரு வரிய பிடிச்சாங்க. ஊர் பேரும் கன்னாபின்னான்னு எழுதியிருந்தது. அத அவங்க போன்ல வாசிச்சுக் காமிச்சப்ப காதால கேட்டுத்தான் எங்க ஊருன்னு எனக்குத் தெரிஞ்சது. இடது புருவத்து மேல தழும்புன்னு போட்டிருந்தது, எங்க அத்தை அப்படியே உக்காந்துட்டாங்க, ஏன்னா சின்ன வயசுல ஏத்தத்துல அடிபட்ட கதை எங்க வீட்ல இன்னும் சொல்லிட்டிருக்கோம்.

அப்புறம் அந்த அக்கா கேட்டாங்க, "அவரோட தங்கச்சி என்ன ஆனாங்க, அவங்க பேர் என்ன?" எனக்கு பதில் இல்ல. யாருக்கும் அந்தப் பேர் தெரியல.

1901 மார்ச் 1 ராத்திரி நாடு பூரா ஒரே நேரத்துல ஆள் கணக்கு எடுத்தாங்க. பேரு, வயசு, கல்யாணம் ஆச்சா, தொழில், தாய்மொழி, பிறந்த ஜில்லா எல்லாம் கேட்டு எழுதினாங்க. அந்தப் பாட்டிக்கு அப்ப பதினஞ்சு பதினாறு வயசு இருந்திருக்கும், உயிரோட இருந்திருந்தா ஏதோ ஒரு வீட்டுப் படிவத்துல ஒரு வரியா இருந்திருப்பாங்க. அந்தப் படிவத்துல இருந்து ஆளுக்கு ஒரு சீட்டா எழுதி, பிரிச்சு அடுக்கி எண்ணி, டேபிள் போட்டு முடிச்சதும் எல்லாத்தையும் அழிச்சாச்சு. இப்ப நான் பெரிய பெரிய ரிப்போர்ட் புத்தகத்த தொறந்தா தென்னாற்காடு ஜில்லாவுல இத்தன பெண்கள்னு ஒரு நம்பர் இருக்கு. அந்த நம்பருக்குள்ள அவங்களும் இருக்காங்கன்னு தெரியுது, அவ்ளோதான் தெரியுது.

இங்கிலாந்துல நூறு வருஷம் பூட்டி வெச்சிட்டு வீட்டுப் படிவத்த அப்படியே தொறந்து விடுறாங்க, 1921 கணக்கு 2022ல வெளிய வந்தது. அமெரிக்காவுல 72 வருஷம், 1950 கணக்கு அதே 2022ல வந்தது. அயர்லாந்துல 1901, 1911 ரெண்டும் காசில்லாம யார் வேணா பாக்கலாம். இங்கிலாந்தோட 1931 கணக்கு 1942ல தீயில போச்சு, அமெரிக்காவோட 1890 கணக்கு 1921 தீயிலயும் அதுக்கப்புறமுமா பெரும்பாலும் போச்சு, அங்க குடும்பம் தேடுறவங்க இன்னிக்கும் அதச் சொல்லிச் சொல்லி வருத்தப்படுறாங்க. நமக்குத் தீ வைக்க விபத்தே தேவைப்படலயே ஐயா.

1948 சென்சஸ் சட்டம் 15ஆவது பிரிவு பத்தி எனக்குத் தெரியும், யாரும் அந்தப் பதிவுகள பாக்க முடியாது, கோர்ட்ல சாட்சியாவும் காட்ட முடியாது. அது சரிதான், அத தளர்த்தச் சொல்லி நான் கேக்கல. ஒரு டீச்சர் வாசல்ல வந்து நின்னு கேக்குறப்ப ஜனங்க உண்மைய சொல்றது அந்த நம்பிக்கையிலதான். அதுவும் 2027 கணக்கெடுப்புல ஜாதியும் கேக்கப் போறீங்க, அது தப்பான கைக்குப் போனா என்ன ஆகும்னு எங்க ஊர்க்காரிக்கு யாரும் சொல்லித்தர வேணாம். அதனாலதான் நூறு வருஷம்னு கேக்குறேன். ஜாதி எழுதுற கட்டத்த மட்டும் தனியா மறைச்சே வைங்க, எனக்கு வேண்டியது பேரும், ஊரும், யாருக்கு யார் என்ன உறவுங்கிறதும்தான்.

ஆஸ்திரேலியாவும் நம்மள மாதிரி அழிச்சிட்டிருந்த நாடுதான். 2001ல அவங்க படிவத்துல ஒரே ஒரு கேள்வி சேத்தாங்க, உங்க விவரத்த 99 வருஷம் பூட்டி வெச்சி அப்புறம் தொறக்கலாமா, ஆமா இல்ல. பாதிக்கு மேல ஜனங்க ஆமான்னாங்க. நம்ம 2027 கணக்கு மொபைல் ஆப்லதான எடுக்கப் போறீங்க, காகிதத்த வெக்க கிட்டங்கி இல்லன்னு இந்தத் தடவ சொல்ல முடியாது. அதுல இந்த ஒரு கேள்விய சேருங்க. ஆமான்னு சொன்னவங்க வீட்டுப் பதிவ டெல்லி தேசிய ஆவணக் காப்பகத்துல ஒப்படைங்க, 2127 வரைக்கும் யாரும் தொட முடியாதுன்னு சட்டத்துலயே எழுதுங்க. பேர பதியும்போது தமிழ்ல சொன்னா தமிழ்லயே பதியுங்க, இங்கிலீஷ் எழுத்துல மட்டும் வெச்சா அந்த மூன்சாமி பாடுதான் மறுபடியும்.

இன்னொண்ணு. வீட்டுக்கு வர்றவங்க பெண்கள் பேர அவங்க கிட்டயே கேட்டு எழுதச் சொல்லுங்க. எங்க அப்பாயி கடைசி வரைக்கும் 'இன்னார் சம்சாரம்'னுதான் எல்லா காகிதத்துலயும் இருந்தாங்க, ரேஷன் கார்டு வந்தப்பதான் முழுப் பேரே முதல்ல எழுத்துல வந்தது.

டர்பன் அக்கா அடுத்த வருஷம் ஊருக்கு வர்றாங்க. பெண்ணாடம், வேப்பூர் ரெண்டு பக்கமும் கோயில் கோயிலா, வயசானவங்க இருக்கிற வீடு வீடா ஏறி இறங்கி கேக்கறதா இருக்கோம், பேர் தெரியாம எப்படிக் கேக்கறதுன்னுதான் யோசிச்சிட்டிருக்கோம்.

இப்படிக்கு,
ஒரு கொள்ளுப்பேத்தி