யானைச் சின்னம் அணிந்த அதிகாரி

மதிப்பிற்குரிய ஆசிரியருக்கு,

வணக்கம். போர்வீரர் நினைவு நாளையொட்டித் தங்கள் நவம்பர் இதழில் வெளியான கட்டுரையில், 1942 ஏப்ரல் 4ஆம் திகதி தென்னிலங்கையின் கொக்கல வாவியிலிருந்து கற்றலீனா எனும் நீரில் இறங்கும் விமானத்தில் புறப்பட்டு, இலங்கையை நோக்கி வந்துகொண்டிருந்த யப்பானியக் கடற்படையைக் கண்டு எச்சரித்த கனேடிய விமானி லெனர்ட் பேர்ச்சலைப் பற்றி வாசித்தேன். ஏப்ரல் 9ஆம் திகதி திருகோணமலையில் குண்டுகள் விழுந்த கதையைப் பாட்டனாரிடம் கேட்டு வளர்ந்தவள் நான் என்பதால், அக்கட்டுரையை ஒருமுறைக்கு இருமுறை வாசித்தேன். அது பேர்ச்சலும் உயிர்தப்பிய தோழர்களும் போர்க்கைதிகளானதோடு நின்றுவிடுகிறது. அவர் பணியாற்றிய கனேடிய விமானப்படையின் 413ஆவது படைப்பிரிவின் கதையோ அங்கே முடியவில்லை. இலங்கையில் இருந்ததன் நினைவாக யானைத் தலையைச் சின்னமாகக் கொண்ட அப்பிரிவு, 1968 முதல் பிரின்ஸ் எட்வர்ட் தீவின் சம்மர்சைட் தளத்தில் தேடல், மீட்புப் பணியைச் செய்தது. 1991இல் நாங்கள் வாழும் நோவா ஸ்கோஷியாவின் கிரீன்வுட்டுக்கு மாற்றப்பட்டு, இன்றும் அதே பணியைச் செய்துவருகிறது. அப்பிரிவில் திசையும் தூரமும் கணிக்கும் அதிகாரியாக இருந்து ஓய்வுபெற்ற ஒருவர் கடந்த மாதம் காலமானார். அவரைப் பற்றிச் சொல்லவே இக்கடிதத்தை எழுதுகிறேன். குடும்பத்தினரைக் கேளாமல் பெயரை எழுதுவது முறையல்ல என்பதால் தவிர்த்திருக்கிறேன்.

அவருடைய மரண அறிவித்தலில் பதவிகளும், பணியாற்றிய தளங்களும், பிள்ளைகள், பேரப்பிள்ளைகளின் பெயர்களும் முறையாக இருந்தன. இறுதியில், பனிக்கட்டியில் கல்லைச் சறுக்கிவிடும் கர்லிங் விளையாட்டில் பெருவிருப்பம் கொண்டிருந்தார் என்று ஒரே ஒரு வரி. ஓய்வுக்குப் பிந்தைய அவருடைய குளிர்காலங்கள் அத்தனையும் அந்த ஒரு வரிக்குள் அடங்கிப்போனது எனக்கு வருத்தமாக இருந்தது.

எங்கள் மகன் பாடசாலை மாணவர்களோடு எங்கள் ஊர்க் கர்லிங் மண்டபத்துக்குச் சென்ற நாளில்தான் அவரை முதன்முதலாகக் கண்டேன். கண்ணாடிக்குப் பின்னால் தனியே நின்ற என்னிடம் வந்து எந்த நாடு என்று கேட்டார். இலங்கை என்றதும், சுவரில் தொங்கிய தம் மேலங்கியை எடுத்துவந்து அதில் தைத்திருந்த யானைத் தலையைக் காட்டினார். கொக்கல என்ற ஊர்ப்பெயரை அவர் வாயால் கேட்டபோது எனக்குக் கண் கலங்கியது. அடுத்த வாரமே காலணிக்கு அடியில் வழுக்கும் தகட்டைக் கட்டிக்கொண்டு நானும் பனிக்கட்டியில் இறங்கினேன்.

இவ்விளையாட்டை அறியாத வாசகர்களுக்காகச் சிறிது சொல்கிறேன். ஏறத்தாழ 45 மீற்றர் நீளமான பனிக்கட்டித் தளத்தில், 20 கிலோகிராமுக்குச் சற்றுக் குறைவான கருங்கல்லை மெல்லச் சுழற்றி விடுவார்கள். மறுமுனையில் வரைந்திருக்கும் வட்டங்களின் நடுவுக்கு எவர் கல் அருகில் நிற்கிறதோ அவர் அணிக்கே புள்ளி. கல் நேராகப் போவதில்லை; வேகம் குறையக் குறைய, சுழலும் பக்கமாக வளையும். இருவர் அதற்கு முன்னால் பனியைத் துடைப்பத்தால் தேய்த்துச் சென்றால் வளைவு குறைந்து கூடுதல் தூரம் போகும். தேய்க்க வேண்டுமா, விட்டுவிட வேண்டுமா என்பதை மறுமுனையில் நிற்கும் அணித்தலைவர் குரல் கொடுத்துச் சொல்வார்.

அந்த இடத்தில் நின்று குரல் கொடுப்பதில் அவருக்கு நிகராக எங்கள் ஊரில் எவரும் இருக்கவில்லை. படகொன்று காணாமற்போனால் அது கடைசியாக இருந்த இடத்தைத் தேடிப் பயனில்லை என்றும், காற்றும் நீரோட்டமும் அதை இந்நேரம் எங்கே கொண்டுபோயிருக்கும் என்று கணித்து, அந்தக் கடற்பரப்பைக் கோடு கோடாகப் பிரித்துத் தாழப் பறந்து தேட வேண்டும் என்றும் அவர் எனக்கு விளக்கியிருக்கிறார். கல்லையும் அவர் அப்படித்தான் பார்த்தார். அது இப்போது இருக்கும் இடத்தை விட்டு, இன்னும் பத்து விநாடியில் வந்து நிற்கப்போகும் இடத்திலேயே அவர் கண் இருக்கும். மீட்டுக் கொண்டுவந்தவர்களைப் பற்றி அவர் அதிகம் பேசியதில்லை. கண்டுபிடிக்க முடியாமல் தேடலை நிறுத்திவிட்டுத் திரும்பிய சில நாட்களைப் பற்றி மட்டும் இரண்டொரு தடவை சொன்னார். அப்போது குரல் தாழ்ந்துவிடும்.

அவருடைய குணத்தைக் காட்டும் ஒரு நிகழ்ச்சியைக் கட்டாயம் எழுத வேண்டும். எங்கள் கர்லிங் மன்றத்தின் ஆண்டுப் போட்டியில், இறுதிச் சுற்றில், அவர் தேய்த்துக்கொண்டு சென்ற கல் வெற்றியைத் தரும் இடத்தை நோக்கிப் போய்க்கொண்டிருந்தது. திடீரென்று கையை உயர்த்தி, தம் துடைப்பம் கல்லில் பட்டுவிட்டதாகக் கூறி, அதைத் தாமே தளத்திலிருந்து அகற்றினார். எதிரணியினர் உட்பட வேறெவரும் அதைக் கண்டிருக்கவில்லை. அந்த ஆட்டத்தில் நாங்கள் தோற்றோம். தவறிழைத்தவரே முதலில் சொல்வது கர்லிங்கின் பழைய வழக்கம். ஆனாலும் என் மகன் அன்று வீடு திரும்பும் வழியெல்லாம் அதையே பேசிக்கொண்டு வந்தான்.

முழங்கால் மடக்க முடியாமற்போன பிறகு, கல்லின் கைப்பிடியில் பொருத்தித் தள்ளும் நீண்ட கோலுடன் நின்றபடியே விளையாடினார். விளையாட்டு நாட்களில் எல்லோருக்கும் முன்பே வந்து, முதுகில் நீர்க்கலனைச் சுமந்து பின்னோக்கி நடந்தபடி பனித்தளத்தில் துளித்துளியாக நீர் தெளிப்பார். அத்துளிகள் உறைந்து சிறு புடைப்புகளானால்தான் கல் ஓடும். அந்த வேலைக்கு அவர் ஊதியம் எதுவும் பெறவில்லை. இப்போது அதை வாரம் ஒருவராக நாங்கள் செய்கிறோம். மூன்று பேர் சேர்ந்தும் அவர் விட்டுச்சென்ற தரத்தை எட்டவில்லை.

413ஆவது பிரிவின் போர்க்காலத்தை எழுதிய தாங்கள், அதன் மீட்புப் பணியையும் ஒரு கட்டுரையாக வெளியிட வேண்டும் எனக் கேட்டுக்கொள்கிறேன். அட்லாண்டிக் மாகாணங்களில் குடியேறிய நம்மவர் அருகே அப்பிரிவில் பணியாற்றிய முதியவர்கள் இன்னும் இருக்கிறார்கள். அவர்களிடம் நேரில் கேட்டு எழுதலாம். எங்கள் மண்டபத்தில் புதியவர்களுக்குப் புதன்கிழமை பிற்பகலில் கற்றுக்கொடுக்கிறோம். கல்லும் துடைப்பமும் அங்கேயே உண்டு. தடித்த காற்சட்டையும் சுத்தமான காலணியும் கொண்டுவந்தால் போதும்.

இங்ஙனம்,
தங்கள் நீண்டநாள் வாசகி,
அனாபொலிஸ் பள்ளத்தாக்கு, நோவா ஸ்கோஷியா