வேதாளரை எடைக்குப் போடாதீர்கள்: செட்டிநாட்டு வீட்டுப் பங்காளிகளுக்கு ஒரு திறந்த மடல்

செட்டிநாட்டுப் பெரிய வீடுகளின் பங்காளிகளுக்கும், பூட்டிக் கிடக்கும் வீட்டை இன்றைக்கும் கூட்டிப் பெருக்கிக் காப்பாற்றும் ஆச்சிமார்களுக்கும் வணக்கம்.

படைப்பு (முன்னோருக்குப் படைக்கும் வழிபாடு), கல்யாணம், சாந்தி (அறுபதாம் கல்யாணம் போன்றவை) என்று ஆண்டுக்கு ஒன்றிரண்டு முறை வீட்டைத் திறக்கிறீர்கள். திறந்த கையோடு சாமான் ஒழிப்பதும் நடக்கிறது. வீட்டையே பிரித்துப் பங்கு போடுகிறவர்களும் இருக்கிறார்கள், ஓட்டலுக்கு விடுகிறவர்களும் இருக்கிறார்கள். அது உங்கள் குடும்ப விஷயம், அதில் நான் தலையிட வரவில்லை. தேக்குத் தூணுக்கும் பெல்ஜியம் கண்ணாடிக்கும் ரவிவர்மா படத்துக்கும் எனாமல் வாளிக்கும் காரைக்குடி முனீஸ்வரன் கோயில் தெருவில் விலை உண்டு. அதை எப்படிப் பேசி வாங்குவது என்று உங்களுக்கு யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை. காகிதத்துக்கு மட்டும்தான் ஒரே விலை, கிலோக் கணக்கு. அந்தக் காகிதத்தில் ஒரு பங்கை, பழைய காமிக்ஸ் இதழ்களைப் பற்றித்தான் இந்த மடல்.

உங்கள் வீட்டு இரட்டை அறைகளில், பெரும்பாலும் கட்டிலுக்கு அடியில், ஒரு தகரப் பெட்டி இருக்கும். சென்னையிலோ கோலாலம்பூரிலோ படித்த பிள்ளைகள் 1960களிலிருந்து 80கள் வரை முழுப்பரீட்சை லீவுக்கு ஊருக்கு வரும்போது கொண்டுவந்து, படித்துவிட்டு, அப்படியே போட்டுவிட்டுப் போன புத்தகங்கள் அதில் கிடக்கும். அம்புலிமாமா இருக்கும், துப்பறியும் நாவல் இருக்கும், அடியில் காமிக்ஸ் இருக்கும். "சின்னப் பிள்ளைகள் படிக்கிறது, இதைப் போய் யார் வாங்கப் போகிறார்கள்" என்று பெட்டியோடு தூக்கிக் கொடுத்துவிடுகிறீர்கள். சென்ற ஆண்டு இந்த வட்டாரத்தில் ஒரு ஊரில் அப்படி ஒரு பெட்டி போன செய்தி எனக்குக் காலம் கடந்துதான் வந்தது. எடைக்கடையில் போய் விசாரித்தேன். பட்டாசுக்குக் குழாய் சுற்ற சிவகாசிக்கு லோடு போய்விட்டது என்றார் கடைக்காரர். பெட்டியில் இருந்தது முத்து காமிக்ஸ். சிவகாசியில் அச்சாகி வந்தது சிவகாசிக்கே திரும்பிவிட்டது என்று சிரிக்கலாம், எனக்குச் சிரிப்பு வரவில்லை.

அந்தப் பெட்டியில் என்ன இருக்கக்கூடும் என்று கொஞ்சம் சொல்ல வேண்டும்.

வேதாளர், அதாவது ஆங்கிலத்தில் ஃபாண்டம் என்ற முகமூடி நாயகர், முதன்முதலில் 1936 பிப்ரவரி 17 அன்று அமெரிக்கச் செய்தித்தாளில் மூன்று நான்கு கட்டத் துண்டாக வெளிவந்தார். எழுதியவர் லீ ஃபாக். 1999ல் சாகும் வரை அவரே எழுதினார். வரைந்தவர்கள் மாறினார்கள்: முதலில் ரே மூர், அப்புறம் வில்சன் மெக்காய், 1961க்குப் பிறகு முப்பது ஆண்டுக்கும் மேலாக சை பாரி. நம்மில் பலர் மனதில் இருக்கும் வேதாளர் இந்த சை பாரியின் கைவண்ணம்தான். ஆஸ்திரேலியாவில் 1948 முதல் அவருக்கென்றே ஒரு இதழ் இன்றைக்கும் வந்துகொண்டிருக்கிறது. முகமூடி போட்டு, உடம்போடு ஒட்டிய சட்டை போட்ட நாயகர்களில் சூப்பர்மேனுக்கே இவர் இரண்டு வருஷம் மூத்தவர்.

இந்தியாவில் அவரைப் புத்தகமாகக் கொண்டுவந்தது டைம்ஸ் ஆஃப் இந்தியா நிறுவனம். 1964 மார்ச்சில் பம்பாயிலிருந்து இந்திரஜால் காமிக்ஸ் தொடங்கியது. முதல் 32 இதழும் வேதாளருக்கே. அதற்குப் பிறகுதான் மாண்ட்ரேக்கும் ஃப்ளாஷ் கார்டனும் ரிப் கிர்பியும் மாறி மாறி வந்தார்கள். 1976ல் ஆபித் சுர்த்தி உருவாக்கிய பகதூர் சேர்ந்தான். 1990ல் நிறுத்தும் வரை 800க்கும் மேற்பட்ட இதழ்கள். ஆங்கிலம், இந்தி, வங்காளம், மராத்தி என்று போன வரிசையில் தமிழும் இருந்தது. அட்டையை வரைந்தவர்களில் கோவிந்த் என்ற ஓவியர் முக்கியமானவர். அந்த அட்டைகளுக்காகவே சேர்க்கிறவர்கள் உண்டு. நானும் அந்தக் கட்சிதான்.

இந்திரஜாலைச் சேர்ப்பது ஒரு தனிக் கிறுக்கு. ஆங்கில வரிசையில் 123, 124 என்ற இரண்டு எண்கள் வெளிவரவே இல்லை, வேலைநிறுத்தம். அது தெரியாமல் அந்த இரண்டுக்காக அலைந்தவர்களை எனக்குத் தெரியும். முதலிலிருந்து நேராக ஓடிய எண் 443ஓடு நின்று, 1980களில் திடீரென்று தொகுதி 20, எண் 1 என்று மாறும். கதையின் உள்ளேயும் கை வைத்திருப்பார்கள். லீ ஃபாக் வேதாளரின் காட்டுக்கு முதலில் வைத்த பெயர் பெங்காலி. வங்காளத்தோடு குழம்பிவிடும் என்று அது டெங்காலி ஆனது. சிங் என்ற கடற்கொள்ளைக் கூட்டம் சிங்கா ஆனது. வேதாளரின் தந்தையைக் கொன்றவனுக்கு மூலத்தில் ராமா என்று பெயர், இங்கே அது ராமாலு. செய்தித்தாள் துண்டுகளைப் புத்தகப் பக்கத்துக்குப் பொருத்தும்போது கட்டங்களை வெட்டியிருப்பார்கள், நீட்டியிருப்பார்கள். எதை வெட்டினார்கள் என்று பார்க்க வேண்டுமானால் பழைய இதழ் கையில் இருந்தாக வேண்டும்.

அடுத்தது 1972. சிவகாசியில் முத்து காமிக்ஸ் தொடங்கி, முதல் இதழாக இரும்புக்கை மாயாவி வந்தது. பிரிட்டனின் வேலியண்ட் வார இதழில் 1962ல் தொடங்கிய தொடர் அது. வரைந்தவர் ஸ்பெயின் நாட்டு ஹெசூஸ் பிளாஸ்கோ. ஆய்வுக்கூட விபத்தில் வலது கையை இழந்த லூயிஸ் கிராண்டெல் இரும்புக் கை பொருத்திக்கொள்கிறான். மின்சாரம் பாய்ந்தால் உடம்பு மறைந்துவிடும், அந்தக் கை மட்டும் அந்தரத்தில் தெரியும். பிளாஸ்கோ கறுப்பு மையில் நிழலை வைத்த விதத்தைப் பற்றி ஒரு மணி நேரம் பேசலாம், இங்கே வேண்டாம். அங்கே வேலியண்ட் 1976ல் வேறொரு இதழோடு சேர்ந்து காணாமல் போனது. இங்கே மாயாவி மறுபதிப்புக்கு மேல் மறுபதிப்பாக இன்னும் விற்கிறார்.

1984 ஜூலையில் ஒரே மாதத்தில் இரண்டு. லயன் காமிக்ஸ் மாடஸ்டி பிளைஸியோடும், ராணி காமிக்ஸ் ஜேம்ஸ் பாண்டோடும் வந்தன. லயனில் வந்த ஸ்பைடர் (ஸ்பைடர்மேன் அல்ல) கதைகளில் பெரும்பாலானவற்றை எழுதியவர் சூப்பர்மேனை உருவாக்கிய இருவரில் ஒருவரான ஜெர்ரி சீகல். அந்த விவரம் அன்றைக்கு நம்மில் யாருக்குத் தெரிந்தது? ராணி காமிக்ஸ் ஒன்றரை ரூபாய், மாதம் இரண்டு. இந்திரஜால் நின்ற பிறகு வேதாளர் ராணியில் மாயாவி என்ற பெயரில் குடியேறினார் (இரும்புக்கை மாயாவி வேறு ஆள்). சலூன் பெஞ்சில் முடி வெட்டக் காத்திருந்தவர்களுக்கு அவரைத் தெரியும். 2005ல் 500 இதழ்களோடு ராணி நின்றது.

இப்போது ஒரு நியாயமான கேள்வி வரும். லயனும் முத்துவும் 2012க்குப் பிறகு நல்ல தாளில், கெட்டி அட்டையில் பழைய நாயகர்களையும் கொண்டுவருகிறார்கள். வேதாளரே அங்கே வந்துவிட்டார். கதை கடையில் கிடைக்கும்போது மஞ்சள் பூத்த காகிதம் எதற்கு? கதை மட்டும் வேண்டியவர்களுக்குத் தேவையில்லைதான், அவர்கள் புதிய பதிப்பையே வாங்கட்டும், அச்சு நன்றாக இருக்கிறது. ஆனால் பழைய இதழில் கதையைத் தவிர மீதி எல்லாமும் இருக்கிறது: அன்றைய விலை, அடுத்த வெளியீட்டு அறிவிப்பு, பின்னட்டையில் பிஸ்கட்டு விளம்பரம், வாசகர் கடிதத்தில் பரமக்குடிப் பையன் ஒருவனின் கோபம், பெயர் போடப்படாத ஒரு மொழிபெயர்ப்பாளர் வேதாளரைப் பேசவைத்த தமிழ். இவற்றை யாரும் மறுபதிப்புச் செய்வதில்லை.

என்னிடம் உள்ள ஒரு பைண்டு வால்யூமைச் சொல்கிறேன். காலிகோ முதுகு, மார்பிள் தாள் ஒட்டிய அட்டை. உள்ளே பத்துப் பன்னிரண்டு இந்திரஜால். பைண்டிங் செய்தவர் எல்லா அட்டைகளையும் கிழித்துவிட்டு, மூன்று பக்கமும் ஓரம் வெட்டியிருக்கிறார். சில பக்கங்களில் பேச்சுக் குமிழின் மேல்வரி பாதி போய்விட்டது. தாள்களைக் கோத்த கம்பிப் பின் துருவேறி இரண்டு புள்ளியாகக் காகிதத்தைத் தின்றிருக்கிறது. முதல் பக்கத்தில் நீல மையில் நான்கு எழுத்து விலாசம் (குடும்பத்தின் தலைப்பெழுத்துகள்), கீழே கண்டனூர் என்று ஊர்ப்பெயர். அட்டை இல்லாததால் எந்த இதழ் எந்த மாதம் என்று கண்டுபிடிக்க வேறு இதழ்களோடு பக்கம் பக்கமாக ஒப்பிட வேண்டியிருந்தது. வியாபாரி கணக்கில் இதற்கு மதிப்பே இல்லை. ஆனால் அந்த விலாசம் இருப்பதால், தமிழ் இந்திரஜால் கண்டனூர் வரை வந்து, ஒரு வீட்டில் வரிசையாக வாங்கப்பட்டு, காசு கொடுத்துப் பைண்டிங் செய்யும் அளவுக்கு மதிக்கப்பட்டது என்று தெரிகிறது.

அதனால்தான் பிரிக்காதீர்கள் என்று கேட்கிறேன். பெட்டியில் இருப்பது நாற்பது இதழ் என்றால் நாற்பதும் சேர்ந்து இருக்கட்டும். நல்ல அட்டையாக நான்கைப் பொறுக்கிக்கொண்டு மீதியை எடைக்குப் போடச் சொல்லும் ஆட்கள் வருவார்கள். அவர்களில் சிலர் என் இனத்தார், சேகரிப்பாளர்கள்தான். நகலெடுத்த அட்டையை ஒட்டி அசல் என்று கைமாற்றுகிறவர்களும், வாங்கியதை வெளியே காட்டாமல் பூட்டி வைக்கிறவர்களும் எங்களுக்குள் இருக்கிறார்கள். எங்களையும் கொஞ்சம் சந்தேகத்தோடே பாருங்கள்.

விலையைப் பற்றியும் உள்ளதைச் சொல்லிவிடுகிறேன். இணையத்தில் எவரோ ஆயிரக்கணக்கில் கேட்டதைப் பார்த்துவிட்டு 1990களின் ராணி காமிக்ஸைத் தங்கம் போல் பூட்டி வைக்காதீர்கள். அது நிறையவே கிடைக்கிறது. தமிழ் இந்திரஜாலின் 60களின் இதழ்களும், முத்துவின் ஆரம்ப இதழ்கள் மறுபதிப்பாக இல்லாமல் முதல் அச்சாகவும் கிடைத்தால் அது வேறு கதை. அவை கண்ணில் படுவதே அபூர்வம்.

காகிதத்தைக் காப்பாற்றுவது பெரிய வித்தை ஒன்றும் இல்லை. தகரப் பெட்டியைத் தரையில் வைக்காமல் பலகை மேல் வைத்தால் கரையானும் ஈரமும் பாதி குறையும். கிழிந்த இடத்தில் செலோடேப் ஒட்ட வேண்டாம், லேமினேஷன் வேண்டவே வேண்டாம். வளவு முற்றத்தில் வெயில் அடிக்கிறதே என்று காயப்போட்டால் நியூஸ்பிரிண்ட் அப்பளமாகிவிடும்.

இதெல்லாம் உங்கள் ஊருக்குப் புதிதல்ல. கோட்டையூர் ரோஜா முத்தையா மற்றவர்கள் குப்பை என்று ஒதுக்கிய நாடக நோட்டீஸ், பாட்டுப் புத்தகம், கல்யாணப் பத்திரிகை எல்லாவற்றையும் சேர்த்தவர். ஏறக்குறைய ஒரு லட்சம் உருப்படிகள். 1992ல் அவர் மறைந்த பிறகு சிகாகோ பல்கலைக்கழகம் அந்தச் சேகரிப்பை வாங்கி, 1994ல் சென்னையில் அவர் பெயரிலேயே ஆராய்ச்சி நூலகம் அமைந்தது. இன்று தமிழ் அச்சு வரலாறு எழுதுகிறவர்கள் அங்கே போகாமல் எழுத முடியாது. கோட்டையூரிலிருந்து நாலு மைல் சுற்றளவில் இருந்துகொண்டு நாம் காமிக்ஸை எடைக்குப் போடுகிறோம் என்பதுதான் என் ஆதங்கம்.

வேதாளரும் ஒருவகையில் உங்கள் ஆள்தான். மண்டையோட்டுக் குகையில் இருபது தலைமுறை முன்னோர் எழுதிவைத்த ஏடுகளை வரிசை கலையாமல் அடுக்கி வைத்திருப்பவர். எந்தத் தலைமுறையில் என்ன நடந்தது என்று கேட்டால் எடுத்துப் படித்துச் சொல்வார். நீங்களும் கல்யாணத்துக்கு இசைகுடிமானம் (திருமண ஒப்பந்த ஏடு) எழுதுகிறீர்கள், மொய்ப்பண ஏடு எழுதுகிறீர்கள், பெண்ணுக்குக் கொடுத்த கரண்டி வரைக்கும் சாமான் சிட்டையில் ஏற்றுகிறீர்கள். அந்தச் சிட்டையில் தகரப் பெட்டிக்கு மட்டும் ஏன் இடமில்லை?

ஆகவே கேட்பது இவ்வளவுதான். அடுத்த முறை வீட்டைத் திறக்கும்போது, பெட்டியை வெளியே தூக்குவதற்கு முன்னால், வீட்டில் இருக்கும் கல்லூரிப் பிள்ளை ஒருவரை உட்காரவைத்து ஒரு சிட்டை போடச் சொல்லுங்கள். இதழின் பெயர், எண், மாதம், விலை, அட்டை இருக்கிறதா, யாருடைய விலாசம் எழுதியிருக்கிறது. ஒவ்வொன்றுக்கும் முன்னட்டை, பின்னட்டை, முதல் பக்கம் மூன்றையும் கைப்பேசியில் படம் எடுத்துக்கொள்ளட்டும். ஒரு மத்தியான வேலை. அந்தச் சிட்டையைப் பங்காளிகள் குழுவில் போட்டுவிட்டு, பெரியவர்களில் யாருடைய புத்தகம் என்று கேளுங்கள். எழுபது வயதில் மலேசியாவில் இருக்கும் ஒருவர் "அது என்னுடையது, தொடாதே" என்று உடனே பதில் போட்டாலும் ஆச்சரியமில்லை. யாரும் கேட்கவில்லையென்றால் ஏதாவது ஆராய்ச்சி நூலகத்தில் விசாரியுங்கள், ஸ்கேன் செய்தாவது கொடுங்கள். விற்றே ஆக வேண்டுமென்றால் விற்றுக்கொள்ளுங்கள், மொத்தமாக, சிட்டையோடு. எடைக்காரரைக் கூப்பிடுவது அதற்கெல்லாம் பிறகு இருக்கட்டும்.

இப்படிக்கு,
பழைய இதழ் தேடும் ஒரு காரைக்குடிக்காரன்