தரங்கம்பாடிக்கு ஆய்வு செய்ய வரும் அறிஞர்களுக்கு

வணக்கம்.

நீங்கள் வருகிறீர்கள். டேனிஷ் கோட்டையை அளக்கிறீர்கள், ராஜ வீதி வீடுகளைப் படம் பிடிக்கிறீர்கள், மீனவர் தெருவில் பெரியவர்களைத் திண்ணையில் உட்காரவைத்துப் பேச்சைப் பதிவு செய்கிறீர்கள். நாங்களும் தெரிந்ததையெல்லாம் சொல்கிறோம். அப்புறம் நீங்கள் போய்விடுகிறீர்கள்.

என் அப்பா ஓர் ஆய்வாளரிடம் மூன்று நாள் பேசினார். அவர் சின்ன வயதில் கடல் எவ்வளவு தள்ளி இருந்தது, மாசிலாமணி நாதர் கோயிலின் எந்தப் பகுதி வரை நடந்து போகலாம் என்றெல்லாம் சொன்னார். அந்தப் பேச்சு என்ன ஆனது, எந்த மொழியில் அச்சானது என்று தெரியாமலே காலமானார். எனக்கு அது இன்னும் உறுத்துகிறது.

இந்த ஊருக்கு இது பழைய கதை. 1706-இல் இங்கே வந்திறங்கிய ஜெர்மன் பாதிரியார் சீகன்பால்கும், அவருக்குப் பின்னால் வந்த கூட்டாளி குருண்ட்லரும் 1712 முதல் 1714 வரை தமிழர்களுக்குக் கேள்விகள் எழுதி அனுப்பி, பதில் கடிதங்கள் வாங்கினார்கள். சமயம், மருத்துவம், சடங்கு, வழக்கம் என்று நம்மவர்கள் பொறுமையாக விளக்கி எழுதினார்கள். அவை ஜெர்மன் மொழியில் ஹாலே நகரில் அச்சேறின. 300 வருடத்துக்கு முன் நம் ஆட்கள் நம் மொழியில் எழுதியதை இன்று ஜெர்மன் வழியாகத்தான் படிக்க வேண்டியிருக்கிறது. 1620-இல் தஞ்சை ரகுநாத நாயக்கர் டென்மார்க் அரசருக்குத் தங்க ஓலையில் எழுதிய தமிழ்க் கடிதமும் கோபன்ஹேகன் ஆவணக் காப்பகத்தில்தான் இருக்கிறது. 1845-இல் டேனிஷ்காரர்கள் ஊரையே ஆங்கிலேயருக்கு விற்றுவிட்டுப் போனார்கள். அதில் எங்களை யாரும் கேட்கவில்லை, சரி. இப்போது கேட்க வாய்ப்பிருக்கிறது, அதனால் கேட்கிறேன்.

கிளம்பும் முன் ஒரு சாயங்காலம் கோட்டை முற்றத்திலோ பள்ளிக்கூடத்திலோ நின்று, கண்டுபிடித்ததைத் தமிழில் சொல்லுங்கள். தமிழ் வராதென்றால் மொழிபெயர்த்துச் சொல்ல ஊரிலேயே பிள்ளைகள் இருக்கிறார்கள். ஆய்வு முடியாவிட்டாலும் பரவாயில்லை, பாதியைச் சொல்லுங்கள். நாங்கள் நம்பிவந்த கதை தப்பென்றால் அதையும் முகத்துக்கு நேரே சொல்லுங்கள். நீங்கள் தப்பாகப் புரிந்துகொண்ட இடத்தை நாங்களும் சொல்வோம். எந்தக் காற்றுக்கு எந்தப் பக்கம் படகு ஒதுங்கும் என்பது அன்றைய டேனிஷ் வணிகக் கம்பெனியின் கணக்கேட்டில் இருக்காது.

பேசியவர் வீட்டுக்கு அந்தப் பதிவின் பிரதி ஒன்று வரவேண்டும். நூலகத்துக்கு நாலு பக்கத் தமிழ்ச் சுருக்கம் போதும். 1620-இல் டேனிஷ்காரர்கள் வருவதற்கு முன்னால் இங்கே என்ன இருந்தது என்பதற்கும் அதில் இடம் கொடுங்கள். எங்கள் பிள்ளைகளுக்குக் கவர்னர் மாளிகை தெரிகிறது. 14-ஆம் நூற்றாண்டுக் கல்வெட்டில் இந்த ஊருக்குச் சடங்கன்பாடி என்று பெயர் இருந்தது தெரியாது.

மாலை ஐந்து மணிக்கு மேல் வலை வேலை ஓய்ந்திருக்கும். அந்த நேரத்தில் கூப்பிடுங்கள், வருகிறோம்.

அன்புடன்,
தரங்கம்பாடிக்காரர் ஒருவர்