பெயின்ட் இப்போது வேண்டாம், செண்பகா

சிந்துபூந்துறை, திருநெல்வேலி,
கார்த்திகை மாதம்

அன்புள்ள செண்பகா,

நலம், நலமறிய ஆவல். ஆடியில் நீ போட்ட கடிதத்துக்கு நான் பதில் போடவில்லை, அதற்குத் திட்டும் வாங்கியாயிற்று, கணக்கு நேர். இதைப் போனில் சொன்னால் பாதியிலேயே "சரி, நீயே பார்த்துக்கோ" என்று வைத்துவிடுவாய். அதனால்தான் எழுதுகிறேன்.

இங்கே உங்கள் வீட்டுக்குப் பெயின்ட் அடிக்க, பெயின்டருக்குக் கொடுக்கச் சொல்லி நீ அனுப்பிய பணம் என் கணக்கில் அப்படியே இருக்கிறது. ஆளை வர வேண்டாம் என்று சொல்லிவிட்டேன்.

ஏட்டி, வீட்டைத் திறந்து முன்கூடத்தில், நம் பட்டாசலில், கால் வைத்ததுமே ஒரு வாடை. கீழ்ப்புறச் சுவரில் இடுப்பு உயரத்துக்கு வெள்ளையாகப் பூத்திருக்கிறது. உள்ளறையில், அந்த அரங்கில், அத்தையின் மரப்பீரோவை ஆள் வைத்து நகர்த்தினேன். பின்னால் சுவர் முழுக்கக் கருப்பும் பச்சையுமாகப் பூசணம். மேல் மூலையிலும் அதே. உன் தம்பி சிமென்ட் பூசி, பட்டி பார்த்து, எமல்ஷன் பெயின்ட் அடித்து, "அரண்மனை ஆக்கிவிட்டேன் அக்கா" என்று போட்டோ அனுப்பினானே, அதே சுவர்தான்.

என் நல்ல நேரம், அக்கா மகன் லீவில் வந்திருந்தான். டைப்ரைட்டிங் கிளாஸுக்கு நான் இடுப்பில் தூக்கிக்கொண்டு வருவேனே, மாஸ்டர் மேஜையில் மூத்திரம் போனானே, அவனேதான். இப்போது நியூயார்க்கில் இருக்கிறான். பூசணம் பிடித்த வீடுகளைச் சரிசெய்வதுதான் அவனுக்கு வேலை. இன்ஜினியரிங் படித்துவிட்டுச் சுவர் சுரண்டுகிறான் என்று அக்காவுக்கு வருத்தம், கேட்பவர்களிடம் "கட்டட வேலை" என்பதோடு நிறுத்திக்கொள்வாள். அவனைக் கூட்டிப் போய்க் காட்டினேன். எனக்குத் தெரிந்ததெல்லாம் அவன் சொன்னதுதான், நடுவில் என் வியாக்கியானமும் கொஞ்சம் வரும், பொறுத்துக்கொள்.

முதலில் ஒரு செம்புத் தண்ணீர் கேட்டான். பட்டாசல் சுவரின் வெள்ளையில் தெளித்தான், கரைந்து போய்விட்டது. அது பூசணமே இல்லை, உப்பு. செங்கலுக்குள் இருக்கிற ஈரம் வெளியே வரும்போது உப்பையும் இழுத்து வந்து சுவர் முகத்தில் விட்டுவிட்டுக் காய்கிறது. அரங்குச் சுவரில் தெளித்தான், கரையவில்லை. அது அசல் பூசணம். இரண்டுக்கும் தாய் ஒருத்திதான் சித்தி, தண்ணீர் என்றான். அங்கே அவர்கள் வேலையில் முதல் பாதி முழுக்கத் தண்ணீர் எங்கிருந்து வருகிறது என்று தேடுவதுதானாம். அதைக் கண்டுபிடிக்காமல் யார் எதை அடித்தாலும் அடுத்த மழைக்குத் திரும்ப வந்துவிடும்.

அப்புறம் ஒரு சின்ன மீட்டரை எடுத்துச் சுவரில் அங்கங்கே வைத்துப் பார்த்தான். உப்பு இருந்தால் மீட்டர் கூட்டிக் காட்டும் என்று, காய்ந்த தெருப்பக்கச் சுவரிலும் வைத்து ஒப்பிட்டுக்கொண்டான். மொட்டை மாடிக்கு ஏறினான். மழைநீர்க் குழாய் வாயில் வேப்பிலைச் சருகு அடைத்து, அரங்குக்கு நேர் மேலே தண்ணீர் குளமாகத் தேங்கி நின்றது. மேல் மூலைக்குக் காரணம் அதுதான். சருகை அள்ளிப் போட்டுவிட்டோம், அந்த இடத்தில் தளத்தில் விரிசலும் இருக்கிறது, கொத்தனார் வரவேண்டும்.

சுவரின் கீழ்ப்பகுதி பெரிய கதை. 2023 டிசம்பர் 17, 18 உனக்கு மறந்திருக்காது. காயல்பட்டினத்தில் ஒரே நாளில் 95 சென்டிமீட்டர் கொட்டியது. இங்கே தாமிரபரணி தெருவுக்குள் வந்து நின்றது. நீ பம்பாயிலிருந்து போன் போட்டுப் போட்டு லைன் கிடைக்காமல் அழுத நாட்கள். அந்தத் தண்ணீரை ஒன்றரை அடிச் சுவர் குடித்துவிட்டது. அவ்வளவு கனமான சுவர் உள்ளே காய மாதக்கணக்கில் ஆகும். உன் தம்பி மாசிக்குள் பூசி முடித்து, டைல்ஸும் ஒட்டிவிட்டான். தாத்தா காலத்துச் சுண்ணாம்புப் பூச்சாக இருந்தால் ஈரம் வெளியே போக வழி இருந்திருக்கும். சிமென்ட்டும் அதன்மேல் எமல்ஷனும் அந்த வழியை மூடிவிட்டன. தரையிலிருந்து ஏறுகிற ஓதமும் உள்ளேயே தங்கி மேலே மேலே ஏறுகிறது. நீ இப்போது இன்னொரு கோட் அடி என்கிறாய்!

அத்தான் அனுப்பிய வீடியோவையும் அவனுக்குப் போட்டுக் காட்டினேன், அதுதான், பிளீச்சிங் பவுடரைக் கரைத்துத் துடைத்தால் பூசணம் போயே போய்விடும் என்கிற வீடியோ. சிரித்தான். டைல்ஸிலும் கண்ணாடியிலும் போகும். சுவர், மரம் மாதிரி உறிஞ்சுகிற பொருளில் மருந்து மேலேயே நின்றுவிட, தண்ணீர் மட்டும் உள்ளே போய் வேருக்கு ஊற்றியது போல ஆகிவிடுமாம். இன்னொன்று சொன்னான், அதைத்தான் நான் புதிதாகத் தெரிந்துகொண்டேன். செத்த பூசணத்துக்கும் தும்மலும் இளைப்பும் வரும். கொன்றால் போதாது, பெயர்த்து வெளியே கொண்டுபோக வேண்டும். ஆசிட்டோடு பிளீச்சிங்கைக் கலந்துவிடாதே என்று அத்தானிடம் தனியாகச் சொல், குளோரின் வாயு வந்துவிடும். அவர் எதையும் எதோடும் கலப்பவர்.

நீ நெட்டில் பிடித்துக் கொடுத்தாயே, அந்தக் கம்பெனி ஆளும் வந்து போனான். சுவரைத் தொட்டுக்கூடப் பார்க்கவில்லை. "லேப் டெஸ்ட் எடுக்கணும் மேடம், அப்புறம் புகை அடித்து ஸ்பெஷல் கோட்டிங் போட்டால் பத்து வருஷம் கேரண்டி" என்றான். கண்ணுக்குத் தெரிகிற பூசணத்துக்கு எதற்கு டெஸ்ட், எந்த ஜாதிப் பூசணமானாலும் செய்யவேண்டிய வேலை ஒன்றுதான் என்கிறான் அக்கா மகன். நியூயார்க்கில் 2016 முதல் சட்டமே இருக்கிறதாம், ஒரு வீட்டில் சோதித்துச் சொல்பவரே அந்த வீட்டில் நீக்கும் வேலையையும் செய்யக் கூடாது. நம் ஊரில் பார்ப்பவன், பயமுறுத்துபவன், பில் போடுபவன் எல்லாம் ஒரே ஆள். காபி கொடுத்து அனுப்பிவிட்டேன்.

சரி, முறையாகச் செய்பவர்கள் எப்படித்தான் செய்கிறார்கள் என்று கேட்டேன். பூசணம் பத்து சதுர அடிக்குள் இருந்தால் வீட்டுக்காரர்களே துடைத்துக்கொள்ளலாம், அதற்கு மேல் போனால் அதற்கான வழிகாட்டியைப் பார்த்து முறையாகச் செய்ய வேண்டும் என்று அமெரிக்கச் சுற்றுச்சூழல் துறை சொல்கிறது. அரங்கில் அது ஒரு சுவருக்கே தாண்டிவிட்டது. அந்த அறையைக் கெட்டியான பிளாஸ்டிக் ஷீட்டால் மற்ற அறைகளிலிருந்து அடைப்பார்கள். ஃபேன் வைத்து உள்காற்றை வெளியே தள்ளிக்கொண்டே இருப்பார்கள். அப்போது காற்று எப்போதும் வீட்டிலிருந்து அறைக்குள் போகுமே தவிர, அறையிலிருந்து வீட்டுக்குள் வராது. சுரண்டும்போது லட்சக்கணக்கில் பறக்கிற பூசண வித்துகள் அடுக்களைக்கும் அரிசிப் பானைக்கும் போகாமல் இருக்க இந்த ஏற்பாடு. காற்றை வடிகட்ட ஹெப்பா ஃபில்டர், 0.3 மைக்ரான் தூசியில் 99.97 சதவீதத்தைப் பிடித்துவிடும். கெட்ட பூச்சை நனைத்து நனைத்துப் பெயர்த்து, அங்கேயே பையில் கட்டி, பையையும் துடைத்துத்தான் வெளியே எடுப்பார்கள். கடைசியில் ஹெப்பா வாக்குவம், ஈரத்துணி, பிறகு முழுசாகக் காயவிடுதல். காய்ந்ததா என்று மீட்டர் சொன்ன பிறகுதான் பூச்சும் பெயின்ட்டும்.

உன் தம்பி ஆள் விட்டுச் சுரண்டியபோது சீலிங் ஃபேன் முழு வேகத்தில் ஓடியது என்று மேலத்தெரு ஆச்சி சொன்னாள். வேர்த்ததாம்.

இப்போது விளையாட்டை விடு. அத்தை தைக்கு ஊருக்கு வந்தே தீருவேன் என்று ஒற்றைக்காலில் நிற்கிறாள் என்றாய். அவளுக்கு இளைப்பு, இன்ஹேலர் இல்லாமல் மாடி ஏறமாட்டாள். படுக்கப்போவது அந்த அரங்கில்தான், வேறு அறையில் அவளுக்குத் தூக்கம் வராது. ஆச்சி வேறு, இது 2021-இல் கண்ணைப் பிடுங்கிய கருப்புப் பூஞ்சை நோய் என்று தெருவெல்லாம் சொல்லி வைத்திருக்கிறாள். அது இல்லை. அது மியூகோர் வகைப் பூஞ்சை, சர்க்கரை எகிறியவர்களையும் ஸ்டீராய்டு அதிகம் எடுத்தவர்களையும் பிடித்தது. கருப்பு என்பது செத்துப்போன சதையின் நிறம். சுவரில் இருப்பது சாதாரணப் பூசணம், உனக்கும் எனக்கும் நாலு தும்மலோடு போய்விடும். இளைப்பு உள்ளவர்களுக்கு அப்படிப் போகாது. இழுப்பு அடிக்கடி வரும், கூடும். ஐந்து மாதமாக நெஞ்சு சளிக்கு மருந்து மாற்றிக்கொண்டிருக்கிறார்கள் என்றாயே, போன பங்குனியில் அவள் இங்கே தங்கிவிட்டுப் போன பிறகுதானே அது? டாக்டரிடம் வீட்டுச் சுவரைப் பற்றியும் சொல்.

அதனால் என் யோசனை இது. தைக்கு அத்தை வரட்டும், என் வீட்டு மாடியில் இருக்கட்டும், திட்டினால் நான் வாங்கிக்கொள்கிறேன். மழை ஓய்ந்ததும் முதலில் மாடித் தளம். பிறகு இரண்டு அறைகளிலும் சிமென்ட் பூச்சை இடுப்புக்கு மேல் ஒரு முழம் வரை பெயர்த்து, மாசி, பங்குனி வெயிலுக்குச் சுவரைத் திறந்து போட வேண்டும். பெயர்க்கும் முறையை அக்கா மகன் நம் கொத்தனாருக்கு நின்று சொல்லிக்கொடுத்துவிட்டான், கதவுக்கு ஷீட், ஜன்னலில் வெளிநோக்கி எக்ஸாஸ்ட், என்95 மாஸ்க், கண்ணாடி எல்லாம் உண்டு. "கரோனா திரும்பி வந்துட்டாக்கா?" என்று கொத்தனார் கேட்டார். சுண்ணாம்புப் பூச்சு தெரிந்த ஒருவர் அம்பாசமுத்திரம் பக்கம் இருக்கிறார், சித்திரையில் வருவதாகச் சொல்லியிருக்கிறார். புதுச் சுண்ணாம்பின் காரத்தில் பூசணம் லேசில் பிடிக்காது. செலவு நீ அனுப்பியதைப் போல இரண்டு பங்கு ஆகும். உன் தம்பியிடம் நீதான் பேச வேண்டும், நான் பேசினால் பூச்சோடு சேர்த்து அவனையும் பெயர்த்துவிடுவேன்.

சாமான்கள் விஷயம். பாத்திரம், கண்ணாடிப் படங்களைத் துடைத்துவிட்டேன். பீரோ நல்ல தேக்கு, ஹெப்பா வாக்குவம் கோயம்புத்தூரிலிருந்து வாடகைக்கு வந்ததும் இழுத்துத் துடைத்து வெயிலில் வைத்தால் தப்பிவிடும். இலவம்பஞ்சு மெத்தை தப்பாது. ஈரம் ஏறிய பஞ்சு, அட்டை, பழங்காகிதம் எல்லாம் தூக்கிப் போட வேண்டியதுதான் என்கிறான். அது அத்தை கல்யாணத்துக்குக் கொடுத்த மெத்தை என்று எனக்குத் தெரியும். மாமாவின் நிலப் பத்திரங்கள் பீரோவின் உள்அறையில் இருந்தால் அவற்றை மட்டும் முதலில் எடுத்துக் காயவைத்துப் பிரதி எடுத்துவிடலாம். பீரோவின் அந்த உள்அறைச் சாவி இங்கே எங்கும் இல்லை. அத்தையின் இடுப்புக் கொத்தில் இருக்கிறதா என்று பார்த்து எழுது, எதற்கு என்று அவளிடம் இப்போது சொல்லாதே.

அன்புடன்,
கோமு