கோத்தகிரித் தோழிக்கு நடுவட்டத்திலிருந்து

நடுவட்டம்,
ஞாயிறு காலை

அன்புள்ள தோழிக்கு,

உன் கடிதம் கிடைத்து நாலு நாள் ஆகிறது. போனில் கூப்பிட்டே பதில் சொல்லியிருக்கலாம். ஆனால் போனை எடுத்தால் என் அம்மாவின் முட்டிவலி, உன் மாமியாரின் சர்க்கரை என்று பேச்சு எங்கெங்கோ போகும். உன் மகளைச் சிறைக் காவலர் வேலைக்கு அனுப்பலாமா என்று நீ கேட்டதற்குப் பதில் சொல்லாமலே வைத்துவிடுவோம். அதனால்தான் எழுத உட்கார்ந்தேன்.

பதினைந்து நாள் ஈட்டிய விடுப்பில் வந்திருக்கிறேன். மூன்று நாளாக வெயிலே இல்லை. காலை பத்து மணி வரை எதிர்வீட்டுக் கதவு தெரியவில்லை. அம்மா நன்றாக இருக்கிறாள் என்று எழுதத்தான் ஆசை. அரசுத் தேயிலைத் தோட்டமான டான்டீயில் முப்பது வருடம் கொழுந்து பறித்த கை, இப்போது டீ டம்ளரைப் பிடிக்கும்போதே நடுங்குகிறது. நேற்று சாலையோரம் நின்றபோது தோட்டத்தில் பெண்கள் நிரை பிடித்துப் பறித்துக்கொண்டிருந்தார்கள். என்னை அறியாமல் எண்ண ஆரம்பித்துவிட்டேன். பதினேழு பேர். பனி மூடியதும் இரண்டு பேரைக் காணவில்லை. விலகி அவர்கள் தெரியும் வரை அங்கேயே நின்றேன். கைதிகளைத் தினமும் எண்ணும் இருபத்திரண்டு வருடச் சிறைக் காவலர் வேலை உடம்பில் இப்படித்தான் ஊறியிருக்கிறது. உன் மகள் இந்த வேலைக்கு வருவதாக இருந்தால் அவள் முதலில் தெரிந்துகொள்ள வேண்டியது இதுதான். லீவில் வந்தாலும் எண்ணிக்கை நிற்காது.

'ஜெயிலில் பொம்பளப் புள்ளைக்கு என்ன வேலை' என்று அவள் அப்பா சாப்பிடாமல் இருக்கிறார் என்று எழுதியிருந்தாய். அவரிடம் நான் சொன்னதாகச் சொல்: பெண்கள் சிறைக்குள் பெண்களைக் காக்கிறவர்கள் பெண்கள்தான். அவள் வராவிட்டால் இன்னொரு வீட்டுப் பெண் வரப்போகிறாள். அந்த வேலைக்குப் பொறுமையான பிள்ளை ஒருத்தி வந்தால் உள்ளே இருக்கிற நூறு பேருக்கு நல்லது. எனவே என் பதில், அனுப்பு. ஆனால் அனுப்பும் முன் அவளிடம் ஒன்று கேட்க வேண்டும். அதைச் சொல்கிறேன்.

முதலில் பரீட்சை விஷயத்தை முடித்துவிடுகிறேன். தமிழ்நாடு சீருடைப் பணியாளர் தேர்வு வாரியம் இரண்டாம் நிலைக் காவலர், சிறைக் காவலர், தீயணைப்பாளர் மூன்றுக்கும் சேர்த்து ஒரே தேர்வாக நடத்துகிறது. பத்தாம் வகுப்பு போதும். தமிழ்த் தகுதித் தேர்வில் நாற்பது சதவீதம் கட்டாயம், அதில் அசட்டையாக இருக்க வேண்டாம். பெண்களுக்கு 159 செ.மீ. உயரம் வேண்டும், பட்டியல் இனத்தவருக்கும் பழங்குடியினருக்கும் 157. 400 மீட்டரை இரண்டரை நிமிடத்துக்குள் ஓட வேண்டும். காந்தி மைதானத்தில் தினமும் ஓடுகிறாள் என்று எழுதியிருந்தாய். அந்த மலை உயரத்தில் ஓடிப் பழகிய மூச்சுக்குக் கீழே இறங்கினால் சிரமம் தெரியாது. தொடக்க அடிப்படைச் சம்பளம் 18,200. பட்டம் முடித்தபின் டிஎன்பிஎஸ்சி மூலம் உதவி சிறை அலுவலராகவும் வரலாம். அப்படி வருகிறவர்களுக்கு வேலூரில் 1979-ல் தொடங்கிய சீர்திருத்த நிர்வாகப் பயிற்சி மையம் இருக்கிறது. அவள் படிப்பை விடாமல் இருந்தால் எனக்குச் சந்தோஷம்.

சரி, கேட்க வேண்டியதைச் சொல்கிறேன். மூன்றில் எது உனக்கு முதலில் வேண்டும் என்று கேள். போலீஸ்தான் வேண்டும், கிடைக்காவிட்டால் சிறைக் காவலர் என்றால் வேண்டாம், இன்னும் ஒரு வருடம் உட்கார்ந்து படித்துப் போலீசுக்கே போகட்டும். நான் பார்த்துவிட்டேன். கிடைக்காத வேலையை நினைத்துக்கொண்டு உள்ளே வருகிறவர்கள் அந்த ஏமாற்றத்தை யாரிடமாவது காட்ட வேண்டும் அல்லவா? கைக்கு எட்டுகிற இடத்தில் கைதிதான் இருக்கிறாள். அவள் திருப்பிப் பேச முடியாது. போலீசுக்காரர் ஒரு ஆளைப் பிடித்துக் கோர்ட்டில் ஒப்படைத்துவிட்டு அடுத்த கேசுக்குப் போய்விடலாம். நாங்கள் அந்த ஆளோடு விடிய விடிய இருக்க வேண்டும். பல்வலி, மாதவிலக்கு, பிள்ளை ஞாபகம், வக்கீல் வராத கோபம் எல்லாம் எங்களிடம்தான் வரும்.

நான் சேர்ந்த புதிதில் ஒரு தலைமைக் காவலர் அம்மா இருந்தார். வாரண்டில் பெயரும் அங்க அடையாளமும் சரிபார்க்கச் சொல்லிக் கொடுத்துவிட்டு, 'செக்‌ஷன் நம்பரை ரெஜிஸ்டர்ல எழுது, மனசுல எழுதாதே' என்றார். அந்தச் சொல்லைப் பிடித்துக்கொண்டுதான் இத்தனை வருடம் ஓட்டியிருக்கிறேன். ஆனாலும் அப்போதே ஒரு தப்பு செய்தேன். உன்னிடம்கூட இதுவரை சொன்னதில்லை.

சேரம்பாடிப் பக்கத்திலிருந்து ஒரு வயதான தாய், ரிமாண்டில் இருந்த மகளைப் பார்க்க வந்தார். உனக்குத் தெரியும், அங்கிருந்து முதல் பஸ் பிடித்துக் கூடலூர், அப்புறம் ஊட்டி, அப்புறம் மலை இறங்க வேண்டும். ஒருநாள் கூலி போய்விடும், பஸ் காசு தனி. அன்று வழியில் எங்கோ மரம் விழுந்து பஸ் நின்றுவிட்டதாம். கைதியைப் பார்க்க விடும் மனு நேரம் முடிந்து பத்து நிமிடம் கழித்து வந்து சேர்ந்தார். நேரம் முடிந்தது என்று சொல்லிவிட்டேன். மேலே ஒரு வார்த்தை கேட்டிருந்தால் அனுமதி கிடைத்திருக்கும். கேட்கவில்லை. புதிதாகச் சேர்ந்தவள், விதியைச் சரியாகப் பிடிக்கிறேன் என்று காட்டும் வேகம். அவர் சண்டை போடவில்லை. கையிலிருந்த மஞ்சள் பையை நீட்டி, 'இதையாவது குடுத்துடும்மா' என்றார். சோதனைக்குப் பிரித்துப் பார்த்தேன். கையால் பின்னிய ஒரு கம்பளி ஸ்வெட்டர். கீழே சித்திரை வெயில் கொளுத்துகிறது. அந்த அம்மாவுக்கு மலை தவிர வேறு ஊர் தெரியாது. மகள் இருக்கிற இடத்திலும் குளிரும் என்று நினைத்திருக்கிறார். நானும் அதே மலையில் பிறந்தவள், என் அம்மாவும் அப்படித்தான் எடுத்து வருவாள். அந்தப் பெண் மூன்று மாதமும் ஸ்வெட்டரை மடித்துத் தலைக்கு வைத்துத்தான் படுத்தாள். அதற்குப் பிறகு இந்த இருபது வருடத்தில், மனு நேரத்துக்குப் பிந்தி வருகிற யாரையும் எங்கிருந்து வருகிறீர்கள் என்று கேட்காமல் நான் அனுப்பியதில்லை.

உன் மகள் இன்னொன்றையும் தெரிந்துகொள்ள வேண்டும். ஜெயில் என்றால் தண்டனை பெற்றவர்கள் இருக்கும் இடம் என்று நாம் பள்ளிக்கூடத்தில் நினைத்திருந்தோம். 2022 கணக்குப்படி நாடு முழுக்கச் சிறையில் இருந்த நாலு பேரில் மூன்று பேர் விசாரணைக் கைதிகள். இன்னும் தீர்ப்பே வரவில்லை. ஜாமீன் கிடைத்தும் கையெழுத்துப் போட ஆள் இல்லாமல் உள்ளே இருக்கிற பெண்களை நான் பார்த்திருக்கிறேன். நம் ஊர்த் தோட்டத்துப் பெண்களுக்கு யார் சொத்துப் பத்திரத்தோடு வந்து நிற்பார்கள்? 2024 ஜூலையில் வந்த புதிய குற்றவியல் நடைமுறைச் சட்டத்தில் 479-வது பிரிவு இருக்கிறது. மரண தண்டனை, ஆயுள் தண்டனைக் குற்றம் இல்லையென்றால், அதிகபட்சத் தண்டனையில் பாதிக் காலம் விசாரணையிலேயே கழித்தவரை ஜாமீனில் விட வேண்டும். முன்பு தண்டனையே பெறாதவராக இருந்தால் மூன்றில் ஒரு பங்கு போதும். வேறு வழக்கு நிலுவையில் இருந்தால் இது பொருந்தாது. அந்தக் காலம் முடிந்ததும் கோர்ட்டுக்கு எழுத வேண்டியது சிறைக் கண்காணிப்பாளரின் கடமை. ஆனால் அவர் மேஜைக்குத் தேதி போக வேண்டுமே. தினமும் முகம் பார்க்கிற காவலர், 'அய்யா, இவங்க வந்து இத்தனை மாசம் ஆச்சு' என்று ஞாபகப்படுத்தினால் காகிதம் நகரும். இலவச வக்கீலுக்குச் சட்டப் பணிகள் ஆணைக்குழுவில் மனு எழுதவும் கூட இருந்து உதவலாம். நான் அப்படி எழுதிக் கொடுத்த மனுக்களைத்தான் என் சர்வீசில் பெரிதாக நினைக்கிறேன். லத்தியைத் தூக்கிய நாள் எதுவும் நினைவில் நிற்கவில்லை.

2024 அக்டோபர் 3-ல் உச்ச நீதிமன்றம் சொன்னதையும் அவள் படிக்கட்டும். சாதி பார்த்து இன்னார் கக்கூஸ் கழுவு, இன்னார் சமையல் செய் என்று சிறையில் வேலை பிரிப்பது அரசியல் சட்டத்துக்கு விரோதம் என்று தீர்ப்பு. ஒரு பெண் பத்திரிகையாளர் விடாமல் எழுதி, வழக்கும் போட்டு வாங்கிய தீர்ப்பு அது. நாமும் லைன் வீட்டிலிருந்து போனவர்கள்தானே. அன்று ராத்திரி டியூட்டியில் இருந்தேன், செய்தியைப் போனில் இரண்டு முறை படித்தேன்.

இங்கே பழைய ஜெயிலைத் தாண்டித்தான் தினமும் பால் வாங்கப் போகிறேன். சின்ன வயதில் அந்த ஜன்னல் கம்பியைப் பிடித்துக்கொண்டு எட்டிப் பார்ப்போமே, ஞாபகம் இருக்கிறதா? 1860-களில் இங்கே சிங்கோனா போட்டபோது, வேலைக்கு மலாக்கா, சிங்கப்பூர்ப் பக்கத்துச் சிறைகளிலிருந்து அனுப்பப்பட்ட சீனக் கைதிகளைக் கொண்டுவந்தார்கள். காய்ச்சலுக்கு மருந்தாகும் மரம், அதை நட்டது விலங்கு போட்ட கை. தண்டனை முடிந்தபின் சிலர் ஊர் திரும்பவில்லை. இங்கேயே தமிழ்ப் பெண்களைக் கட்டிக்கொண்டு, காய்கறி போட்டு, மாடு வைத்துப் பிழைத்தார்கள். ஜெயிலுக்குப் போய் வந்தவர் பக்கத்து வீட்டில் குடியிருப்பதா என்று யாராவது என்னிடம் கேட்டால் இவர்களைத்தான் சொல்வேன். யார் தெருவில் யார் வந்து தங்கியது என்று நடுவட்டத்துக்குத் தெரியும்.

இதோடு முடித்துவிடலாம் என்றுதான் நினைத்தேன். ஆனால் அந்தப் பையனைப் பற்றிச் சொல்லாமல் முடியவில்லை.

மூன்று வருடம் முன்பு எங்கள் பிளாக்கில் நாலரை வயதுப் பிள்ளை ஒருவன் தாயோடு இருந்தான். ஆறு வயது வரை தாயோடு இருக்கலாம், கைதியாக நடத்தக் கூடாது, பால், தடுப்பூசி, படிப்பு எல்லாம் கொடுக்க வேண்டும் என்று 2006-லேயே உச்ச நீதிமன்றம் சொல்லியிருக்கிறது. கைதி இல்லை என்பதால், அறையில் பூட்டும் முன் எடுக்கும் லாக்கப் எண்ணிக்கையில் அவன் வர மாட்டான். சாயங்காலம் பெண்கள் இரண்டிரண்டு பேராக உட்கார்ந்ததும் அவனும் ஓடிவந்து கடைசியில் சம்மணம் போட்டு உட்காருவான். நான் தலை தலையாகத் தொட்டு எண்ணிக்கொண்டு வருவேன். அவனைத் தொடாமல் போனால் அழுகை. அப்புறம் ஒரு வழி கண்டுபிடித்தேன். எண்ணி முடித்து, நோட்டில் எழுதி, திரும்பி வந்து அவன் தலையைத் தொட்டு 'நீ ஒண்ணு' என்பேன். அதன் பிறகுதான் எழுந்து உள்ளே போவான்.

மழை விட்ட காலைகளில் எங்கள் மதிலுக்கு மேலே நம் மலை நீலமாகத் தெரியும். ஒருநாள் அதைக் காட்டி, 'அது என்னம்மா' என்றான். 'மலை. எங்க அம்மா அங்கதான் இருக்காங்க' என்றேன். கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டே நின்றுவிட்டு, 'அவங்கள யாரு எண்ணுவாங்க?' என்று கேட்டான். அன்று முழுக்க எனக்கு வேலை ஓடவில்லை. அந்த மாதம்தான் லீவு போட்டு அம்மாவைப் பார்க்க வந்தேன். அதற்கு முன் வந்து எட்டு மாதம் ஆகியிருந்தது.

ஆறு வயது நிறைவதற்குள் அவன் மாமா வந்து கூட்டிப்போனார். அன்று சாயங்காலமும் எண்ணினேன். நோட்டில் நேற்றைய எண்ணிக்கையே இருந்தது. கடைசி வரிசைக்குத் திரும்பிப் போய்ச் சும்மா நின்றுவிட்டு வந்தேன். பெண்கள் யாரும் எழுந்திருக்கவில்லை.

இதையெல்லாம் உன் மகளிடம் வாசித்துக் காட்டு. பயமுறுத்த எழுதவில்லை. தீபாவளிக்கும் பொங்கலுக்கும் லீவு கிடைக்காது, ராத்திரி ஷிப்டில் கால் வீங்கும், கல்யாணப் பேச்சில் வேலையைச் சொன்னால் மாப்பிள்ளை வீட்டார் ஒரு மாதிரி பார்ப்பார்கள். அவையும் உண்டு. அதையெல்லாம் தாங்கிக்கொள்ளலாம். கேட்ட பிறகும் வருகிறேன் என்றால் அவளுக்கு நான் இருக்கிறேன். எந்த ஊரில் போஸ்டிங் போட்டாலும் அங்கே எனக்குத் தெரிந்த ஒரு அம்மா இருப்பார்.

அடுத்த ஞாயிறு வரை இங்கேதான் இருப்பேன். சனிக்கிழமை அவளை அனுப்பி வை. ஊட்டியில் இறங்கிக் கூடலூர் பஸ் பிடித்தால் போதும், நடுவட்டத்தில் நான் நிற்பேன். தமிழ்த் தாளுக்கு என்ன படிக்கிறாள் என்று பார்க்கிறேன், காலையில் இருவரும் கொஞ்சம் ஓடலாம். வரும் வழியில் அம்மாவுக்கு ஊட்டி வர்க்கி கால் கிலோ வாங்கி வரச் சொல். மறக்காமல் ஸ்வெட்டர் எடுத்து வரட்டும். கோத்தகிரி மாதிரி இல்லை, இங்கே மூன்று மணிக்கே பனி இறங்கிவிடுகிறது.

அன்புடன்,
உன் பழைய பெஞ்சுத் தோழி