பெட்ரோல் ஏறி நிற்கும் பைக்: ஸ்க்ரூவில் கை வைக்கும் முன்

ஆசிரியர் அவர்களுக்கு, வணக்கம்.

ஞாயிறு இணைப்பின் வாகனப் பக்கத்தில், ‘ஓவர்ஃப்ளோ ஆகி வண்டி அடிக்கடி நின்றால் கார்ப்பரேட்டரின் ஏர் ஸ்க்ரூவைக் கால் சுற்று வெளியே திருப்புங்கள், அதிலும் சரியாகாவிட்டால் கார்ப்பரேட்டரையே மாற்றிவிடுங்கள்’ என்றும், நனைந்த பிளக்கை அடுப்பில் சூடுகாட்டிப் போடலாம் என்றும் வந்த குறிப்பைப் பார்த்தேன். படித்துவிட்டுப் பலர் இந்நேரம் ஸ்க்ரூ டிரைவரைக் கையில் எடுத்திருப்பார்கள். அதனால்தான் இந்தக் கடிதம்.

பெட்ரோலையும் காற்றையும் கலந்து இன்ஜினுக்கு அனுப்புவது கார்ப்பரேட்டர். அதிலுள்ள அந்த ஸ்க்ரூவுக்கு, வண்டி நின்றபடி இன்ஜின் ஓடும் ஐட்லிங் நேரத்துக் கலவையை மட்டும்தான் கூட்டவோ குறைக்கவோ தெரியும். டேங்கிலிருந்து அளவுக்கு மீறி இறங்கி வழியும் பெட்ரோலை (ஓவர்ஃப்ளோ) நிறுத்தும் வேலை அதற்குக் கிடையாது. போதாததற்கு, ஸ்க்ரூ ஏர் ஃபில்டர் பக்கம் இருந்தால் வெளியே திருப்பத் திருப்பக் காற்று கூடும்; இன்ஜின் பக்கம் இருந்தால் வெளியே திருப்பத் திருப்பப் பெட்ரோல் கூடும். இதைச் சொல்லாமல் ‘கால் சுற்று வெளியே’ என்று பொதுவாக எழுதினால், பாதி வண்டிகளில் நோய் முற்றத்தான் செய்யும்.

முதலில், பெட்ரோல் உண்மையிலேயே கூடுதலாகத்தான் வருகிறதா என்று பார்க்க வேண்டும். கூடுதலாக வரும் வண்டி காலையில் ஒரே கிக்கில் ஸ்டார்ட் ஆகிவிடும். குளிர்ந்த இன்ஜினில் பெட்ரோலில் ஒரு பங்கு ஆவியாகாமல் சுவரிலேயே ஒட்டிக்கொள்வதால், கூடுதல் பெட்ரோல் அப்போது தெரியாது. இரண்டு கிலோமீட்டர் ஓடிச் சூடேறியதும் சிக்னலில் டப்பென்று ஆஃப் ஆகும். ஆக்ஸிலேட்டரை முழுக்க முறுக்கிக்கொண்டு உதைத்தால் கருப்புப் புகையோடு கிளம்பும். இதற்கு நேர்மாறாக, கலவையில் பெட்ரோலைக் கூட்டும் சோக்கை இழுத்தால் ஓடுகிறது, தள்ளினால் நிற்கிறது என்றால் பெட்ரோல் போதவில்லை என்று அர்த்தம். டேங்க் மூடியைத் திறக்கும்போது ‘உஸ்’ என்று காற்று உள்ளே போகிறதா என்றும் கவனியுங்கள். மூடியின் காற்றுத் துளை அடைத்திருந்தாலும் வண்டி இப்படித்தான் ஓடி ஓடி நிற்கும். அதற்குப் போய்க் கார்ப்பரேட்டரைப் பிரிக்க வேண்டியதில்லை.

பிளக் நனைந்திருப்பதை மட்டும் வைத்து முடிவு கட்டவும் கூடாது. ஸ்பார்க் வலுவாக இல்லாவிட்டாலும் எரியாத பெட்ரோல் பிளக்கை நனைக்கும். மழை நாளில் பிளக் கேப்புக்குள் தண்ணீர் இறங்கிய வண்டியை ‘ஓவர்ஃப்ளோ’ என்று சொல்லிக் கார்ப்பரேட்டரைக் கழற்றுவது பட்டறைகளில் சாதாரணமாக நடப்பதுதான். கேப்பைத் துடைத்து, புது பிளக்கை அதில் மாட்டி, பிளக் துளையிலிருந்து தள்ளி இன்ஜின் ஹெட்டில் அணைத்து வைத்து, பக்கத்தில் பெட்ரோல் சொட்டாமல் பார்த்துக்கொண்டு உதைக்க வேண்டும். நீல நிறத்தில் சடசடவென்று பொறி வந்தால் கரண்ட் பக்கம் குறையில்லை. மஞ்சளாக, நூல் போல வந்தால் பொறிக்கான மின்சாரத்தைத் தரும் காயில், கேப், வயர் இவற்றைத் தேடிப் போக வேண்டும்.

ஸ்பார்க் சரியாக இருக்கிறது, பெட்ரோலும் கூடுதலாக வருகிறது என்று தெரிந்த பிறகுதான் கார்ப்பரேட்டர். அதையும் பிரிப்பதற்கு முன்னால் பத்து நிமிடச் சோதனை ஒன்று உண்டு. மீன் தொட்டிக்குப் போடும் கண்ணாடி போன்ற குழாயில் ஓர் அரை மீட்டர் போதும். வண்டியைச் சமதரையில் சென்டர் ஸ்டாண்டில் நிறுத்தி, கார்ப்பரேட்டரில் பெட்ரோல் தேங்கும் கப்பின் அடியில் உள்ள வடிகுழாயில் ஒரு முனையைச் செருகி, மறுமுனையை மேலே வளைத்துக் கார்ப்பரேட்டர் ஓரமாகப் பிடித்துக்கொள்ளுங்கள். பெட்ரோல் டேப்பைத் திறந்து, வடி ஸ்க்ரூவை ஒரு சுற்றுத் தளர்த்தினால், கப்புக்குள் எந்த மட்டத்தில் பெட்ரோல் இருக்கிறதோ அதே மட்டம் குழாயில் தெரியும். கப்பும் பாடியும் சேரும் கோட்டுக்குச் சில மில்லிமீட்டர் கீழே அது நிற்க வேண்டும்.

கப்புக்குள் மிதக்கும் ஃப்ளோட் மேலே எழும்பும்போது, பெட்ரோல் வரும் வழியை நீடில் என்ற ஊசியால் அடைக்கும். மட்டம் நிற்காமல் ஏறிக்கொண்டே போனால் அந்த ஃப்ளோட் நீடில் அடைக்கவில்லை. மேலே போய் நின்றுவிட்டால் ஃப்ளோட்டின் உயரம் தவறு. முதலில் சரியாக நின்று, பத்து நிமிடத்தில் மெல்ல ஏறினால் அது இரவெல்லாம் கசியும் ரகம். காலையில் வீட்டு வாசலே பெட்ரோல் வாசனை அடிக்கும். மட்டம் அசையாமல் சரியாக நிற்க, ஓவர்ஃப்ளோ குழாயில் மட்டும் சொட்டினால்? கப்புக்குள் செங்குத்தாக நிற்கும் பித்தளைக் குழாயில் மயிரிழை விரிசல் இருக்கும். எத்தனை நீடில் மாற்றினாலும் இந்தச் சொட்டு நிற்காது. பலர் கோட்டை விடும் இடம் இது.

நீடிலைக் கழற்றினால் அதன் கூர்முனையில் இருக்கும் ரப்பரைப் பூதக்கண்ணாடி வைத்துப் பாருங்கள். நல்ல நீடிலின் கூம்பு வழுவழுவென்றிருக்கும். தேய்ந்ததில் சுற்றிலும் மோதிரம் பதிந்தது போல ஒரு பள்ளம் தெரியும். நகத்தால் தடவினாலே தட்டுப்படும். அதன் பின்பக்கத்துக் குட்டி ஸ்பிரிங் பின்னை அழுத்தினால் உடனே திரும்ப வர வேண்டும். நீடில் உட்காரும் சீட்டைக் காது குடையும் பஞ்சுக் குச்சியைப் பெட்ரோலில் தோய்த்துத் துடைத்தால் போதும். கம்பி, ஊசி எதையும் உள்ளே விடக் கூடாது. சீட்டில் ஒரு கீறல் விழுந்தால் புது நீடிலும் அடைக்காது. பெரும்பாலான சிறிய பைக்குகளில் சீட் பாடியோடு அழுத்திப் பொருத்தப்பட்டது, தனியாகக் கழற்ற வராது. கார்ப்பரேட்டரையே மாற்றுவது அந்த நிலையில்தான் நியாயம்.

ஃப்ளோட்டைக் காதருகே ஆட்டிப் பாருங்கள். உள்ளே சலசலத்தால் பெட்ரோல் புகுந்திருக்கிறது, இனி அது மிதக்காது. பித்தளை ஃப்ளோட்டாக இருந்தால், பெட்ரோல் வாடை போகக் காயவைத்து, சுடுதண்ணீரில் அமிழ்த்தினால் ஓட்டை இருக்கும் இடத்தில் குமிழி வரும். உயரத்தை அளக்கும்போது கார்ப்பரேட்டரைச் சாய்த்து, நீடிலைத் தள்ளும் சிறு தகடான ஃப்ளோட்டின் நாக்கு நீடிலை லேசாகத் தொடும் நிலையில், ஸ்பிரிங் அமுங்காமல் அளக்க வேண்டும். தலைகீழாக வைத்து அளந்தால் ஃப்ளோட்டின் எடையே ஸ்பிரிங்கை அமுக்கி அளவைப் பொய்யாக்கும். அளவு கார்ப்பரேட்டருக்குக் கார்ப்பரேட்டர் மாறும், கையேட்டைப் பார்க்க வேண்டியதுதான். முழுக்க பிளாஸ்டிக்கில் வரும் ஃப்ளோட்டில் வளைக்க நாக்கு கிடையாது.

எல்லாவற்றையும் மாற்றிய மறுவாரமே திரும்ப ஓவர்ஃப்ளோ ஆனால் டேங்கைப் பாருங்கள். துருத்தூள் ஒன்று சீட்டில் உட்கார்ந்தால் போதும். டேப்பைக் கழற்றி அதன் வலை கிழிந்திருக்கிறதா என்று பார்ப்பது அவசியம். கையால் மூடும் டேப் உள்ள வண்டியை இரவில் நிறுத்தும்போது டேப்பை மூடுவது நம்மூரில் ஏனோ வழக்கொழிந்துவிட்டது. கார்ப்பரேட்டர் ஸ்கூட்டர்கள் பலவற்றில் இன்ஜின் உறிஞ்சும் வேக்குவத்தில் இயங்கும் தானியங்கி டேப் இருக்கும். அதன் டயாபிரம் என்ற மெல்லிய ரப்பர் சவ்வு கிழிந்தால் பெட்ரோல் வேக்குவம் குழாய் வழியாகவே இன்ஜினுக்குப் போய்விடும். அந்தக் குழாயை உருவிப் பார்த்து உள்ளே ஈரமாக இருந்தால் டேப்பை மாற்ற வேண்டும். அப்போது கார்ப்பரேட்டர் மேல் எந்தக் குற்றமும் இல்லை.

ஏர் ஃபில்டர் அடைத்திருந்தாலும், சோக் திரும்பாமல் மாட்டிக்கொண்டாலும் கலவையில் பெட்ரோல் கூடும். இரண்டையும் பார்க்க இரண்டு நிமிடம்கூட ஆகாது.

எல்லாவற்றுக்கும் இருபது சதவீதம் எத்தனால் கலந்த இ20 பெட்ரோல்தான் காரணம் என்ற பேச்சும் இருக்கிறது. 2023 பிப்ரவரியில் விற்பனைக்கு வந்த இந்தப் பெட்ரோலில் எத்தனாலோடு ஆக்ஸிஜனும் சேர்ந்து வருவதால், கலவை காற்று கூடிய பக்கம்தான் சாயும். கூடுதல் பெட்ரோலுக்கு அதை நேரடியாகக் குறை சொல்ல முடியாது. ஆனால் பழைய வண்டியின் ரப்பர் உறுப்புகளை எத்தனால் உப்பவைக்கும், டேங்கில் படிந்த அழுக்கையும் கிளப்பிவிடும். அந்த வகையில் பழைய நீடிலுக்கு அது எமன்தான்.

2020 ஏப்ரலில் பி.எஸ்.6 புகை விதிகள் வந்த பிறகு வந்தவை பெரும்பாலும், கார்ப்பரேட்டருக்குப் பதில் இன்ஜெக்டர் வழியாகப் பெட்ரோலைத் தெளிக்கும் இன்ஜெக்‌ஷன் வண்டிகள். அவற்றில் திருக ஸ்க்ரூவும் இல்லை, ஃப்ளோட்டும் இல்லை. இன்ஜெக்டர் கசிவதாலோ, இன்ஜின் சூடானது தெரியாமல் டெம்பரேச்சர் சென்சார் ‘குளிர்ச்சி’ என்றே சொல்லிக்கொண்டிருப்பதாலோ பெட்ரோல் கூடலாம். மீட்டரில் எரியும் இன்ஜின் விளக்கின் பிழைக் குறியீட்டைப் படிக்காமல் எதையும் கழற்றக் கூடாது.

குறிப்பில் விட்டுப்போன முக்கியமான விஷயம் இன்ஜின் ஆயில். ஏறிய பெட்ரோல் பிஸ்டன் ரிங்கைத் தாண்டி ஆயிலில் இறங்கும். டிப் ஸ்டிக்கை எடுத்து முகருங்கள். பெட்ரோல் வாடை அடித்தாலோ, மட்டம் மேல் கோட்டைத் தாண்டியிருந்தாலோ வண்டியை ஸ்டார்ட் செய்யாமல் ஆயிலை மாற்ற வேண்டும். நீர்த்த ஆயிலில் ஓட்டினால் கேம் ஷாஃப்டும் பிஸ்டனும் தேயும். கிக்கர் பாதியில் கல் போல நின்றால் சிலிண்டருக்குள் பெட்ரோல் நிறைந்திருக்கலாம். செல்ஃப் பட்டனை அழுத்தவே கூடாது. பிஸ்டனைத் தாங்கும் கனெக்டிங் ராடு வளைந்துவிடக்கூடும். டேப்பை மூடி, இக்னிஷனை அணைத்து, பிளக்கைக் கழற்றிவிட்டு, துளைக்கு நேரே நிற்காமல் மெதுவாக உதைத்தால் பெட்ரோல் வெளியே பீய்ச்சும். அது ஆவியாகிப் போகும்வரை காத்திருங்கள்.

கழற்றிய பிளக்கைத் துணியால் துடைத்து வெயிலில் வைத்தாலே காய்ந்துவிடும். பெட்ரோல் பட்ட கையோடு அடுப்பங்கரைக்குப் போகச் சொல்லும் அந்த ஒரு வரிக்காவது, வரும் ஞாயிறு அதே பக்கத்தில் திருத்தம் வெளியிட வேண்டுகிறேன்.

இப்படிக்கு,
இருசக்கர வாகன மெக்கானிக் ஒருவர்,
திருச்சி.